மாலைப் பொழுதும் கச்சிப் பொழிலும்

நம் வட்டத்தின் பத்தாண்டு மலருக்குக் காஞ்சியின் வரலாறு குறித்துக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, பல்லவர்தம் போர்களையும் மடங்களின் வழிமுறைகளையும் மீண்டும் எழுத மனம் ஒப்பவில்லை. அவற்றை எழுதியோர் பலர்; என்னினும் நன்கு எழுதியோர் அவருள் பலர். ஆனால் சித்திரையும் வைகாசியும் வந்தால் வட்டத்தின் கூட்டம் அறையின் புழுக்கத்தை விட்டு வெளியேறிக் கயிலாசநாதர் கோயில் புல்வெளிக்கு இடம் பெயர்ந்துவிடுவதை நாம் அனைவரும் அறிவோம். அங்கு நடந்துகொண்டே படிக்கப்பெற்ற கவிதைகள் பல; நடந்துகொண்டே கிழிக்கப்பெற்ற கவிதைகளும் சில உண்டு. அந்த மாலை நடைக்கு ஒரு வரலாறு உண்டா என்று தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

கோடை மாலையில் அவ்விடத்தின் தோற்றத்தை வட்டத்து அன்பர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மணற்கல் ஐந்தரை மணிக்குப் பிறகே நிறம் மாறத் தொடங்கும். கோயிலுக்குக் கிழக்கே, வெட்டவெளியில், உயர்ந்த மேடை மீது தனித்துக் கிடக்கும் நந்தியின் நிழல் நீண்டு புல்லில் விழும். பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் ஓசை ஒவ்வொன்றாக அடங்கும். முதியோர் இருவர் மூவராக வருவர். குழந்தைகள் ஓடுவர். அடியவர் கூட்டம் பெருகும் கோயில்களில் காணும் நெருக்கடி இங்கில்லை. வழிபட வந்தவரைவிட உலாவ வந்தவரே மிகுதி. கோயிலாகவும் பூங்காவாகவும் ஒருங்கே இருக்கும் இடம் இவ்வூரில் இஃது ஒன்றே என்பது என் எண்ணம்.

காஞ்சி என்பதே ஒரு மரத்தின் பெயர். ஊர்ப்பெயர் அம்மரத்தால் வந்தது என்று கூறுவோர் உளர். ஏகம்பத்தின் பெயரிலும் ஒற்றை மாமரம் உறைகிறது. ஆகவே மரமும் சோலையும் இவ்வூர்க்குப் புதியன அல்ல. கி.பி. 640ஆம் ஆண்டை ஒட்டி இங்கு வந்த யுவான் சுவாங், நிலத்தின் வளத்தையும் பூவும் கனியும் மிகுந்திருந்ததையும் குறித்துச் சென்றார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் திருவெஃகாவை அடுத்த பொழில்களைப் பாடிவிட்டார்.

அப்பகுதியை வகுப்பில் நடத்தும்தோறும் எனக்கு வியப்பு எழும். வெயில் புகவொண்ணாத அடர்ந்த சோலை. குட்டையான அடிமரத்தை உடைய காஞ்சி மரங்கள். அவற்றைச் சுற்றிப் படர்ந்த குருக்கத்திக் கொடிகள். அக்கொடியின் பூக்கள் நிழல் தங்கிய மணலில் நீர்முகத்தே உதிர்ந்து கிடக்கும் காட்சிக்குப் புலவர் எடுத்த உவமை என்ன தெரியுமா? அப்பம் சுடுவோர் பாகு கூட்டிச் செய்து பாலில் இட்ட பண்டம்! ஊர்ப்பெருமை பாட வந்த புலவர்க்குப் பசியும் இருந்திருக்கிறது என்று மாணவியர் சிரிப்பர். நான் மறுப்பதில்லை, ஆற்றுப்படை பசித்தவன் நடையில் பிறந்த இலக்கியம்தானே. வெள்ளம் வந்து அடி கழுவிய அப்பொழில்களில் செல்வர் குடித்து மகிழ்வர், மகளிரொடு நீராடுவர், அத்துறை துறக்கத்தை ஒத்திருக்கும். வழி நடந்து வரும் வறிய பாணனும் அங்கு இளைப்பாறலாம் என்கிறார் புலவர். இளைப்பாறிய பின் அவன் செய்ய வேண்டுவன இரண்டு: கடவுளை வாழ்த்திச் சிறிது யாழை இசைத்தல், பின் அவ்விடம் விட்டுக் கழிதல்.

இந்தக் 'கழிதல்' என்னும் செய்தியில்தான் என் மனம் நிற்கிறது. பொழில் அவனுக்கும் நிழல் தருகிறது. ஆனால் அது தங்கி மகிழ்வோரின் பொழில். அவனுக்கோ வழியிடை நிழல் மட்டுமே. தமிழகத்துப் பூங்காக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் எந்த மரம் இருந்தது, எந்த மன்னன் வைத்தான் என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றனர். மாலையில் அங்கு யார் நடந்தார், யாருக்கு அந்த மாலை வாய்த்தது என்று கேட்டோர் அரியர்.

இக்கேள்விக்கு வேறொரு விடை தரும் பொழில் மணிமேகலையில் உண்டு. வானம் பொய்த்து வாடிய கச்சிக்கு மணிமேகலை வருகிறாள். புத்தர்க்கு எடுத்த சேதியத்தைத் தொழுதபின், தென்மேற்கே உள்ள பூம்பொழிலுக்குச் செல்கிறாள். மணிபல்லவத்துப் பொய்கையையும் பொழிலையும் போலவே அங்கு அமைத்திருப்பதாக மன்னன் அவளுக்குக் காட்டுகிறான். அவ்விடத்தில் பீடிகை அமைகிறது; அமுதசுரபி வைக்கப்படுகிறது. பிறகு சாத்தனார் அடுக்கும் பட்டியலைக் கருதுக: பார்வையிழந்தோர், செவிப்புலன் அற்றோர், நடக்க இயலாதோர், காப்பாரில்லாதோர், பல மொழி பேசுவோர், விலங்குகளும் வருகின்றன. யாரும் வரலாம் என்று கதவு திறந்த கச்சிப் பொழில் நம் இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து இதுவே முதலாவது. அது பசியின் பொருட்டுத் திறந்தது, உலாவலின் பொருட்டு அன்று என்பது உண்மையே. எனினும் திறந்தது. (தென்மேற்கு என்னும் குறிப்பைப் பற்றிக்கொண்டு இன்றைய வரைபடத்தில் இடம் குறிக்கும் துணிவு எனக்கில்லை. அத்தகைய துணிவுடையோர் நம் ஊரில் பலர் உளர், அவரிடம் விட்டுவிடுகிறேன்.)

சாத்தனாரின் பொழிலுக்குப் பின் காஞ்சியின் தோட்டங்கள் பெரும்பாலும் கடவுளர்க்கு உரிமையாகிவிட்டன. சோழர் காலந்தொட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் திருநந்தவனம் பரவலாகப் பேசப்படுகிறது. அதனைப் பேணுதற்கு விட்ட நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. உழைப்போர்க்கு நெல்லும் துணியும் வரையறுத்தனர். தோட்டம் வைத்தல் பெரும்பேறு. ஆயினும் அங்கு எவரும் உலாவுவதில்லை. சாமிக்குரிய பூவை முகர்தலே குற்றம் என்னும் வழக்கில், பூக்களிடையே காலார நடத்தல் எவ்வாறு கூடும்? தோட்டம் இருந்தது, பொழுதுபோக்கு இல்லை.

வைணவ மரபில் இதற்கு இனிய விதிவிலக்கு ஒன்றுண்டு. அங்கும் வெப்பம் தணிய வேண்டியவர் கடவுளே! வேள்வித் தீயில் தோன்றியவராகையால் அத்திகிரிப் பெருமாளுக்கு வெம்மை மிகுதி என்பர். பூவிருந்தவல்லித் தோட்டத்துப் பூக்களைச் சுமந்து வந்த திருக்கச்சிநம்பிகள் அவருக்கு ஆலவட்டம் வீசினார் என்பது குருபரம்பரைச் செய்தி. இராமானுசர் சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து நடந்தார் என்பதும் அதனை அடுத்து வருவது. பூவிற்காக ஒரு நடை, நீருக்காக ஒரு நடை. நடந்தவர் தொண்டர், காற்று வாங்கியவர் பெருமாள்.

சித்திரை முழுமதி நாளில் அப்பெருமாளே நடைக்குப் புறப்படுகிறார். காஞ்சியை அடுத்த ஐயங்கார்குளத்தில் நிலத்தின் கீழே படிகள் இறங்கிச் செல்லும் நடவாவிக் கிணறு உள்ளது. வாவி என்றால் நீர்நிலை. நடந்து இறங்கும் நீர்நிலையாதலின் நடவாவி. ஆண்டு முழுதும் நீருள் மூழ்கிக் கிடக்கும் தூண் மண்டபத்தை அன்றைக்காக நீர் இறைத்து வெளிக்கொணர்வர். வரதர் உள்ளிறங்கி மண்டபத்தை வலம் வருவார். பின்னர்ப் பாலாற்று மணலுக்குச் செல்வார். கோடையின் உச்சியில், வெயில் தாழ்ந்தபின், குளிர்ந்த கல்லும் ஈர மணலும் தேடி ஓர் ஊரே புறப்பட்டுப் போகும் அந்த இரவே காஞ்சியின் மிகப் பழைய கோடை உலா என்று கூறத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் யாவரும் நடக்கலாம். பெண்களும் இரவில் நடக்கலாம். 'சாமி பார்க்கப் போனேன்' என்றால் கேள்வி இல்லை.

பொழுதுபோக்குக்காகவே, எவரும் வரலாம் என்று அமைத்த பூங்கா வேறொரு வழியில் நம் நாட்டுக்கு வந்தது. 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் பார்க் டவுன் பகுதியில் பீப்பிள்ஸ் பார்க் உருவாயிற்று. மக்கள் பூங்கா என்பதே அதன் பெயரின் பொருள். குளங்கள், விலங்குக் காட்சிச்சாலை, இசை மேடை எல்லாம் அங்கு இருந்தன. அதன் பிற்கதை துயரமானது. 1900இல் மூர் மார்க்கெட் அங்கு எழுந்தது; 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. விலங்குகள் வண்டலூருக்குப் போயின. எஞ்சிய நிலத்தில் 1993இல் விளையாட்டரங்கம் வந்தது. மக்களுக்கு என்று பெயர் வைத்த நிலத்தை மக்களின் தேவைகளே தின்று தீர்த்தன. தேவைகள் பொய்யல்ல. ஆனால் எதுவும் செய்யாமல் ஒரு மாலை நடப்பதும் ஒரு தேவை என்று யாரும் வழக்காடவில்லை.

காஞ்சிக்கு அவ்வாறு ஓர் ஆளுநர் பூங்கா அமையவில்லை. நமக்கு வாய்த்தது வேறொன்றின் பக்க விளைவு. 1904இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது. தாஜ்மகாலைச் சுற்றித் தோட்டத்தைத் திருத்துவதில் கர்சன் பிரபு காட்டிய ஆர்வம் தொல்லியல் துறையில் ஒரு பழக்கமாக வேரூன்றியது. ஆக்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு அத்துறைக்குத் தோட்டக்கலைப் பிரிவு ஒன்று இன்றும் உள்ளது. நினைவுச்சின்னம் என்றால் அதனைச் சுற்றி வெட்டிய புல் இருக்க வேண்டும் என்பது அதன் மரபு. ஆகவே இராசசிம்மன் எடுத்த கற்றளியின் முன் நாம் மிதிக்கும் புல்லுக்கு மூதாதை பல்லவ நாட்டுப் புல் அன்று. ஆங்கிலேயப் புல்வெளி என்னும் கருத்து. இதனைச் சுட்டி, 'இது நம் மரபா?' என்று நம் வட்டத்திலேயே ஒருமுறை கடுமையான வாதம் நடந்தது நினைவிருக்கலாம். அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூறுவேன்: மரபான தோட்டம் எதுவும் எங்கள் தெருவாரை உலாவ அழைக்கவில்லை. இந்த அயலார் புல் அழைத்தது.

கோயிலைப் பற்றிச் சில சொற்கள் கூறியே ஆக வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் எடுப்பித்தது இது. சோழர் கல்வெட்டுகள் இதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று குறிக்கின்றன. உள்முற்றத்தைச் சுற்றி 58 சிற்றாலயங்கள் நிரை நிரையாக உள்ளன. அவற்றில் மன்னனின் விருதுப்பெயர்கள் ஏறத்தாழ 250 பொறிக்கப்பட்டுள்ளன. ரணஜயன், ஆகமப்பிரியன், வாத்தியவித்யாதரன் என்று போரும் பத்தியும் இசையும் அங்குப் பெயர்களாகியுள்ளன. அத்தனை பெயர்களில் ஓய்ந்திருந்தவன் என்று ஒன்றில்லை! முகப்பில் உள்ள சிற்றாலயங்களுள் ஒன்று அரங்கபதாகை என்னும் அரசியின் பணி. அவள் புகழைக் கல்வெட்டு கூறுகிறது. படையெடுத்து வந்த சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, கவராமல் இறைவனுக்கே திருப்பித் தந்ததைக் கன்னட மொழியில் தூண் ஒன்றில் பொறித்தான். வென்றவன் ஒரு மாலைப் பொழுதேனும் இந்த வெளியில் நின்று பார்த்திருப்பான் என்று எண்ணிக்கொள்வேன். எண்ணுவதற்குச் சான்று வேண்டியதில்லை. 1931இல் ழூவோ துப்ரேய் இச்சிற்றாலயச் சுவர்களில் பல்லவர் ஓவியங்களைக் கண்டறிந்த செய்தியை ஓவிய நண்பர்கள் நன்கறிவர்.

பெரிய புராணத்துப் பூசலார் கதையையும் இக்கோயிலோடு இயைத்துக் கூறுவர். காடவர் கோமான் கச்சியில் கல்லால் கோயில் எடுத்தபோது, பொருளில்லாத பூசலார் திருநின்றவூரில் மனத்திலேயே அடிநிலையும் சிகரமும் கிணறும் மதிலும் அமைத்து முடித்தார். இறைவன் மன்னனின் குடமுழுக்கு நாளைத் தள்ளிப்போடச் சொல்லி, முதலில் பூசலார் கோயிலுக்குப் போனான்.

இனி, எங்கள் தெருவாரைப் பற்றி.

நெசவாளிக்கு நடை இல்லாமலில்லை. கிழக்கு வெளுக்குமுன் தெருவில் பாவு நீட்டுவர். மூன்று சேலைக்குரிய பட்டிழைகள் தெருவின் நீளத்துக்குக் கட்டப்பட்டு நிற்கும். கஞ்சி தெளித்து, இழை பிரித்து, அறுந்தது முடிந்து, ஆணும் பெண்ணும் அதன் இருபுறமும் மேலும் கீழும் நடப்பர். வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். ஏறினால் இழை முறுகும். இதுதான் எங்கள் காலை உலா. அதன்பின் கால்கள் தறிக்குழிக்குள் இறங்கிவிடும். மிதிகட்டையை மிதிக்கும் அசைவு தவிர வேறு நடை அவற்றுக்கு இல்லை. கோர்வைச் சேலை என்றால் ஒருவர் போதாது. உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. ஆகவே அக்கரையின் நாடாவை மறுபுறத்திலிருந்து தள்ள மற்றொருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மற்றொருவர் என் அம்மா. பள்ளி விடுமுறையில் நான். ஆதலால் கோடை விடுமுறை என்னும் சொல்லில் விடுமுறை என்னும் பகுதி எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

அமாவாசைதோறும் எங்கள் வீட்டில் தறி ஓயும். அத்தகைய ஒரு சித்திரை அமாவாசையின் மாலையில்தான் அப்பா என்னைக் கயிலாசநாதர் கோயிலுக்கு முதன்முறையாக அழைத்துச் சென்றார். எனக்குப் பத்து வயதிருக்கும். அவர் சாமி கும்பிட்டது சிறிது நேரம்; புல்லில் நடந்தது நெடுநேரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்காலை நன்றாக நீட்டி நீட்டி, குழியிலிருந்து அப்போதுதான் ஏறியவர்போல் நடந்தார். அவருடைய கூட்டாளிகளும் அவ்வாறே நடந்தனர். கூலியைப் பற்றியும் சரிகை விலையைப் பற்றியும் பேசினர். பின் பேசாமல் நடந்தனர். வளர்ந்தோர் காரணமின்றி நடப்பதை நான் அன்றுதான் கண்டேன். பெரும்பாணாற்றுப்படையை எம்.ஏ. வகுப்பில் படித்தபோது, இளைப்பாறிய பின் எழுந்து போகச் சொல்லப்பட்ட பாணன் என் கண்ணுக்கு அப்பாவின் சாயலிலேயே தெரிந்தான்.

அம்மா வரவில்லை. "விளக்கு வெக்கிற நேரத்துல பொம்பளைக்கு அங்க என்னடி வேலை?" என்பாள். ஆனால் நாங்கள் திரும்பி வந்ததும் கேட்பாள். யார் யார் வந்திருந்தார்கள், புல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்களா, நந்திமேல் குருவி இருந்ததா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று ஒன்றொன்றாகக் கேட்பாள். நான் விடை சொல்லச் சொல்ல அடுப்பில் கை ஓடிக்கொண்டிருக்கும். சில நாளில் நான் மறந்ததை அவளே சொல்வாள். வீட்டிலிருந்து அவ்விடம் பத்து நிமிட நடைத் தொலைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவள் மாலையில் அங்கு போனதில்லை. முனைவர் பட்டத்துக்காகச் சங்க இலக்கியச் சோலைகளையெல்லாம் தொகுத்தேன். அம்மாவின் சோலையை எந்த இயலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா காலமானபின் தறி பிரிக்கப்பட்டது. குழி மூடப்பட்டுச் சிமெண்டுத் தரையாயிற்று. தெருவிலும் பாவு நீட்டுவோர் குறைந்துவிட்டனர். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தெருவில் தறியோசை அதன்பின்னும் குறைந்தே வந்தது. வேகவதிக் கரையில் காஞ்சி மரம் இருக்கிறதா என்று ஒருமுறை மாணவியரோடு தேடிச் சென்றேன். ஆக்கிரமிப்பும் சாக்கடை நீரும் கடந்து வெகுதூரம் நடந்தோம். மரம் கண்ணில் படவில்லை. உருத்திரங்கண்ணனாரின் மணல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பைகள் காய்ந்துகொண்டிருந்தன.

சென்ற வைகாசியில் ஒரு நாள் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "இரு, நானும் வரேன்" என்றாள் அம்மா. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாளோ என்னும் அச்சம்.

வாயிலில் செருப்பைக் கழற்றினாள். சந்நிதியை நோக்கிக் கைகூப்பினாள். பிறகு நந்தி மேடை அருகே வந்து, புல்லை ஒருமுறை காலால் தடவிப் பார்த்தாள். வட்டத்து நண்பர் ஒருவர் புதிய கவிதை படித்துக்கொண்டிருந்தார். அம்மா அதனைக் கேட்டதாகத் தெரியவில்லை. "இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் எத்தனை பாவு நீளம் இருக்கும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெருவில் பாவுக்கு அருகே நடப்பதுபோல் ஒரு கையைச் சற்று நீட்டி வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணியபடி நடக்கத் தொடங்கினாள். பாதி வழியில் ஓடி வந்த குழந்தை ஒன்று அவள்மேல் மோதியது. கணக்குத் தவறிவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா திரும்பி நந்தியிடம் வந்து, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.